மென்பொருள் இயற்றுதலில் சிறுகச் செய்து திருத்தும் முறை

மேட்டூர் அணையைப் பாராத மாணவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருத்தல் கூடும். 1925-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1934-இல் முடிவெய்திய அவ்வணை, காவிரியின் நீரை 120 அடி உயரமளவும் தேக்கி நிறுத்துகின்றது. அதனைக் கட்டப் புகுந்தோர், ஆற்றில் வரும் வெள்ளத்தின் அளவையும், அடியிலுள்ள பாறையின் உறுதியையும், சுவர் தாங்கவேண்டிய சுமையையும் முன்னதாகவே கணக்கிட்டுப் படம் வரைந்துகொண்டு, அதன் பின்னரே வேலையைத் தொடங்கினர். பாதியளவு கட்டி, நீரைத் தேக்கிப் பார்த்து, "இது சரிப்படவில்லை, சற்றே தள்ளிக் கட்டுவோம்" என்று சொல்லுதல் அவர்களுக்கு இயலாது. அங்ஙனம் சொல்ல நேரின், அழிவது அணை மாத்திரமன்று. கீழேயுள்ள ஊர்களும் அழியும்.

இனி மேட்டூரை விட்டுத் தென்கிழக்கே நாமக்கல்லுக்கு வருவோம். அங்கே லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பல உள. பெருந்தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் மட்டும் வந்து சேர்கின்றது. அதன்மீது மரத்தாலும் இரும்பாலும் பாடி எழும்புகின்றது. வேலை நடக்கும்போதே லாரியின் உரிமையாளர் வந்து பார்க்கின்றார். ஓட்டுநரும் வந்து பார்க்கின்றார். "படுக்கைப் பலகையை இன்னும் ஒரு சாண் நீட்டுங்கள்" என்கின்றார் ஒருவர். "கருவிப் பெட்டி இந்தப் பக்கம் இருந்தால் கைக்கு எட்டாது" என்கின்றார் மற்றொருவர். தச்சரும் அப்படியே மாற்றிவிடுகின்றார். உரிமையாளர் முதல்நாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. கண்ணால் காணுமுன் தமக்கு வேண்டுவது இன்னதென்று அவர்க்கே தெரியாதன்றோ?

மென்பொருள் இயற்றுதல் இவ்விரண்டனுள் எதனைப் போன்றது? இக்கேள்வியே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. கணிப்பொறி கற்று வெளியேறும் நம் மாணவர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்றவுடன் "அஜைல்" என்ற ஒரு சொல்லை நாள்தோறும் கேட்கின்றனர். அதன் பொருளை ஒரு சடங்கின் பெயராக மட்டும் அறிந்து திரும்புவாரும் அவருள் உளர். ஆதலின் அதன் கருத்தை நம் நாட்டுப்புறத்து வழக்கங்களைக் கொண்டே விளக்க விரும்புகின்றோம்.

மென்பொருள் தொழில் தோன்றிய காலத்தில், அதனைச் செய்வோர் அணை கட்டுவோரின் வழியையே பின்பற்ற முயன்றனர். முதலில் தேவைகளை முற்றும் எழுதுதல், பின்பு வடிவமைத்தல், பின்பு நிரல் எழுதுதல், அதன்பின் சோதித்தல், கடைசியில் ஒப்படைத்தல் என, மலையருவி படிப்படியாக இறங்குவதுபோல வேலை இறங்கவேண்டும் என்றனர். அருவி முறை என்றே அதற்குப் பெயரும் வழங்கலாயிற்று. அமெரிக்கப் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் என்பார் 1970-இல் எழுதிய கட்டுரையே இதற்கு ஆதாரமென்று பலரும் காட்டுவர். வேடிக்கை யாதெனில், அக்கட்டுரையில் அப்படத்தை வரைந்த ராய்ஸே, இம்முறை ஆபத்தானது, தோல்விக்கு இடங்கொடுப்பது என்றும் எழுதியுள்ளார். படத்தைக் கண்டவர் அடுத்த பத்தியைப் படித்திலர் போலும். நம் மாணவருள்ளும் பாடநூலில் படம் மட்டும் பார்ப்பார் சிலர் இருத்தலின், இதனை யாம் பெரும் வியப்பாகக் கொள்ளவில்லை.

பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருள் வேலையை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் என்பார், தாம் பட்ட பாட்டை 1975-இல் நூலாக வெளியிட்டார். காலந்தாழ்ந்த வேலையை விரைவுபடுத்த மேலும் ஆட்களைச் சேர்த்தால், புதியவர்க்குக் கற்பிப்பதிலேயே பழையவரின் காலம் கழிந்து, வேலை முன்னிலும் தாழ்ந்துபோகும் என்பது அவர் கண்ட உண்மை. கரும்பு வெட்ட ஆள் சேர்ப்பதுபோல நிரல் எழுத ஆள் சேர்த்தல் ஆகாதென்க.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னும் பனிமலை விடுதியில், இத்துறையில் அனுபவமிக்க 17 பேர் மூன்று நாட்கள் கூடினர். கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம், மார்ட்டின் பவுலர், கென் ஷ்வேபர், ஜெப் சதர்லாந்து முதலியோர் அவருள் அடங்குவர். அவர்கள் கையாண்ட முறைகள் அதுவரை "இலேசான முறைகள்" என்று வழங்கப்பட்டன. இலேசானவர் என்று அழைக்கப்படுவதை எவர்தாம் விரும்புவர்? ஆகவே, விரைவும் வளைந்துகொடுக்கும் தன்மையும் தோன்ற, அஜைல் என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தனர். அவர்கள் வெளியிட்ட அறிக்கை ஒரு பக்கத்துள் அடங்குவது. சட்டதிட்டங்களினும் மனிதர் ஒருவரோடொருவர் பேசிப் பழகுதல் மேல். நீண்ட ஏடுகளினும் ஓடுகின்ற மென்பொருள் மேல். ஒப்பந்தத்தைப் பற்றி வாதாடுதலினும் பயன்படுத்துவோருடன் கூடி உழைத்தல் மேல். போட்ட திட்டத்தை விடாப்பிடியாகப் பற்றுதலினும் மாறுதலுக்கு இணங்குதல் மேல் என்பது அதன் சாரம். மற்றவை வேண்டா என்று அவர் கூறினாரில்லை. இவற்றுள் எது மேல் என்றுமட்டுமே கூறினர்.

இக்கருத்துக்களை யாம் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தே வந்தோம். ஆயினும், கற்பித்ததை நம்பினோமா என்பது வேறு விஷயம். அதனைக் காட்டும் ஓர் அனுபவத்தை மறையாது சொல்லிவிடுகின்றோம்.

நாமக்கல்லுக்கு அணித்தான ஒரு கோழிப்பண்ணைக்கு நாட்கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றினைச் செய்து தரும் வேலையை எம் மாணவர் அறுவர் ஏற்றனர். அப்பண்ணையில் எட்டுக் கொட்டகைகள். யாம் அம்மாணவரை, "முதலில் தேவைகளை முற்றும் எழுதுங்கள், வடிவமைப்பை வரையுங்கள், யாம் கையெழுத்திட்டபின் நிரலைத் தொடுங்கள்" என்று பணித்தோம். பண்ணை உரிமையாளரை இருமுறை கண்டு பேசி, அறுபது பக்கம் எழுதினர். மூன்று மாதம் கழிந்தபின், கணிப்பொறியில் பதினான்கு திரைகள் அழகாக ஓடின. அதனைப் பண்ணைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். உரிமையாளர் மகிழ்ந்தார். அருகே நின்ற கணக்கப்பிள்ளை மட்டும் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, உடைஞ்ச முட்டைய எங்கீங்க எழுதறது?" என்றார்.

எங்கும் எழுத இடமில்லை. அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. ஒவ்வொரு கொட்டகையிலும் இத்தனை கோழி என்று உரிமையாளர் சொன்ன தொகையை மாணவர் மாறாத எண்ணாகப் பதித்துவிட்டனர். கோழிகள் நாள்தோறும் ஒன்றிரண்டு இறக்கின்றன. இருக்கின்ற கோழிக்கு எத்தனை முட்டை என்ற வீதமே பண்ணையின் நாடித்துடிப்பு. தொகை மாறாதிருப்பின் வீதம் பொய்யாகும். உரிமையாளர் பொய் சொல்லவில்லை, மாணவரும் சோம்பவில்லை. நாள்தோறும் கொட்டகை கொட்டகையாக நடந்து எழுதுகின்றவரை எவரும் வினவவில்லை என்பதே நேர்ந்த குற்றம். அக்குற்றம் பெரும்பாலும் எம்முடையது.

அறுபது பக்கத்தையும் அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டாம் முறை வேறுவழியாகத் தொடங்கினோம். முதல் வாரத்தில் ஒரே ஒரு திரை: தேதி, கொட்டகை எண், நல்ல முட்டை, உடைந்த முட்டை, இறந்த கோழி. அவ்வளவே. சனிக்கிழமை அதனைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, அவர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தனர். அவர் முதற்கொட்டகையை எழுதினார். பின் மூன்றாவதைத் தேடினார். ஒருபுறமாக 1, 3, 5, 7 என்று நடந்துபோய், மறுபுறமாக 8, 6, 4, 2 என்று திரும்புவதே அவர் வழக்கமாம். எங்கள் திரையிலோ 1, 2, 3 என்ற வரிசை. அடுத்த வாரம் அவ்வரிசை அவர் நடைக்கேற்ப மாறிற்று. கொட்டகை வாயிலில் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பதை அவர் பின்னர் அலுவலகத்தில் வந்து பதிகின்றார் என்பதும் அன்றே தெரிந்தது; ஆதலின் கைப்பேசியில் பதியும் ஏற்பாடு அப்போதைக்கு வேண்டாததாயிற்று. வேண்டாதது இன்னதென அறிவதும் ஆதாயமே.

அஜைல் முறையின் ஒரு வகையான ஸ்கிரம் என்பது இதனையே ஒழுங்குபடுத்திக் கூறுகின்றது. ஸ்கிரம் என்ற பெயர் ரக்பி என்னும் பந்தாட்டத்தில் வீரர் தோளோடு தோள் சேர்ந்து முட்டும் நிலையைக் குறிப்பது. தாக்கேயுச்சி, நோனாக்கா என்ற ஜப்பானியப் பேராசிரியர் இருவர், புதுப்பொருள் செய்யும் கம்பெனிகளின் குழுக்கள் ஓட்டப்பந்தயத்தில் கோலைக் கைமாற்றுவார் போலன்றி, ரக்பி வீரர்போல ஒருங்கே முன்னேறவேண்டுமென 1986-இல் எழுதினர். அவ்வுவமையை எடுத்துக்கொண்டு ஷ்வேபரும் சதர்லாந்தும் தம் முறையை 1995-இல் வெளியிட்டனர். பத்துப்பேருக்கு மிகாத குழு. செய்யவேண்டியவற்றைப் பயனுக்கேற்ப அடுக்கிய ஒரு பட்டியல். ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணை. இத்தவணையை ஸ்பிரிண்ட் என்பர். பட்டியலின் தலைப்பிலுள்ள சிலவற்றை மட்டும் தவணையில் முடித்து, ஓடுகின்ற நிலையில் உரியவர்க்குக் காட்டவேண்டும். நாள்தோறும் பதினைந்து நிமிடக் கூட்டம் உண்டு. தவணை முடிவில், செய்த பொருளைப் பற்றி ஒரு கூட்டமும், செய்த விதத்தைப் பற்றி மற்றொரு கூட்டமும் நடைபெறும். இவ்விரண்டாம் கூட்டமே எல்லாவற்றிலும் அரிது. பொருளில் குறை சொல்லுதல் எளிது. நம் நடையில் குறை காணுதல் எளிதன்று.

ஏழாவது வாரத்தில் முட்டை வீதம் காட்டும் திரை வந்தது. சித்திரை மாதம், வெயில் கடுமை. இரண்டுநாள் தொடர்ந்து ஆறாம் கொட்டகையின் வீதம் மட்டும் இறங்கிற்று. மொத்தக் கணக்கில் அது தெரிந்திராது. கொட்டகைவாரியாகப் பார்த்தமையால் தெரிந்தது. போய்ப் பார்த்தபோது, கடைக்கோடி வரிசையில் தண்ணீர்க் குழாய் அடைத்துக் கிடந்தது. அவ்வெயிலில் இன்னும் சில நாட்கள் சென்றிருப்பின் கோழிகள் என்னவாகியிருக்கும் என்பதை இப்பக்கத்தார்க்கு விளக்கவேண்டுவதில்லை. மூன்று மாதத்தில் முழுதும் முடித்துக் கொடுக்கும் திட்டத்தில் அத்திரை கடைசியில் வரவேண்டியது. பயனுக்கேற்ப அடுக்கியதால் முன்னே வந்தது.

ஆயினும், எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அது விளம்பரமாகும். ஒன்பதாம் வாரத்தில் தீவனக் கணக்கைத் திருத்தப் போய், இறந்த கோழிக் கணக்கு கெட்டது. அதனைச் சரிசெய்தால் மற்றொன்று கெட்டது. வாரந்தோறும் ஒட்டிச் சேர்த்த நிரல், பழைய வீட்டில் அவ்வப்போது இறக்கிய தாழ்வாரம்போல் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது. அஜைல் முறையில் அடிக்கடி மாற்றலாம் என்பது உண்மை. அது மலிவாக முடியவேண்டுமாயின் இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பழையன யாவும் கெடாதிருக்கின்றனவா என்று கணிப்பொறியே சோதித்துச் சொல்லும் தானியங்கிச் சோதனைகள். மற்றொன்று, பயனில் யாதொரு மாறுதலுமின்றி நிரலின் உள்ளமைப்பை மட்டும் அவ்வப்போது செப்பனிடுதல். கென்ட் பெக் முதலியோர் இவ்விரண்டையும் மிக வற்புறுத்தினர். எம் மாணவரோ இரண்டையும் பிறகு பார்க்கலாமென விட்டிருந்தனர். அதன் விலையாக இரண்டு வாரங்கள் சென்றன. "ரெண்டு வாரமா ஒண்ணும் புதுசாக் காணமேங்க" என்று உரிமையாளர் வருந்தினார். அவர் வருத்தமும் நியாயமே.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. திரையிலுள்ள சொற்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. கணக்கப்பிள்ளை அவற்றை இடம் பார்த்து மனத்தில் கொண்டாரேயன்றி எழுத்தைப் படித்தாரில்லை. இதனை முதல் சனிக்கிழமையே கண்டுகொண்டவள், குழுவில் இளையவளாகிய ஒரு மாணவி. அவள் ஐந்து வாரம் வாய் திறந்திலள். பின்பு வினவியபோது, "அண்ணன்மார்கள் முடிவு செய்தது, சார்; நான் எப்படிச் சொல்வது?" என்றாள். நாள்தோறும் பதினைந்து நிமிடக் கூட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் யாமும் அமர்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் எம் முகத்தை நோக்கி, நேற்று இது செய்தேன், இன்று இது செய்வேன் என்று ஒப்பித்தனர். அது குழுவின் கூட்டமாக இல்லை. ஆசிரியர்முன் பாடம் ஒப்புவித்தலாக இருந்தது. யாம் வெளியே செல்லத் தொடங்கிய பின்னரே அவர்கள் தமக்குள் பேசலாயினர். மறுவாரம் திரையில் தமிழ் வந்தது.

மூத்தோரை மதித்தல் நம் நாட்டு நல்வழக்கம். அதனை யாம் குறைகூறுகின்றோமில்லை. ஆனால் இம்முறை முழுதும், தவறு கண்டவர் கண்டவுடன் சொல்வார் என்ற ஒரே தூணின்மீது நிற்கின்றது. அத்தூண் இல்லாத இடத்தில் தவணையும் பட்டியலும் கூட்டமும் இருந்தும் பயனில்லை. பெரிய கம்பெனிகளில் வேலைசெய்யும் எம் பழைய மாணவர் சிலர், தம் காலைக் கூட்டம் மேலதிகாரி வருகைப்பதிவு எடுப்பதுபோல் நடக்கின்றதென்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதற்கு அஜைல் என்ற பெயர் பொருந்தாது.

சிறுகச் செய்து திருத்துதல் நம் சேலத்துக்குப் புதியதுமன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-இல், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். மலேயாவில் அத்தொழில் நடக்கும் விதத்தை ஷா அறிந்திருந்தார். முதலிற் கைக்கொண்ட முறை மிகப் பழமையானது: கிழங்கை இடித்துப் பாலெடுத்து, மாவைத் தெளியவைத்து, துணியிலிட்டுக் குலுக்கி, வறுத்து, வெயிலில் உலர்த்துதல். பின்னர் வெங்கடாசல கவுண்டர் என்னும் கைதேர்ந்த யந்திரத் தொழிலாளியின் உதவியால் யந்திரங்களும் முறைகளும் திருத்தம் பெற்றன. ஜவ்வரிசி விற்றுக்கொண்டே யந்திரம் திருந்திற்று. யந்திரம் முற்றுப்பெறட்டும் என்று விற்பனை காத்திருக்கவில்லை. அத்தொழில் பெருகி, 1981-இல் உற்பத்தியாளர் கூடிச் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவுசெய்யும் அளவுக்கு வளர்ந்தது.

பெருவேலைக்கு இம்முறை ஆகாது என்பாரும் உளர். அவர்க்கு அமெரிக்காவின் எப்.பி.ஐ. என்னும் துப்பறியும் துறையின் வரலாற்றைக் காட்டுவோம். வழக்குக் கோப்புகளைக் கணிப்பொறியில் வைக்க அத்துறை செய்வித்த மென்பொருள், சுமார் 17 கோடி டாலர் செலவானபின் 2005-இல் கைவிடப்பட்டது. 2006-இல் சென்டினல் என்ற பெயரால் மீண்டும் தொடங்கிய வேலையும் காலந்தாழ்ந்து தடுமாறிற்று. 2010-இல் துறையினரே பொறுப்பேற்று, சிறு குழுவைக்கொண்டு குறுந்தவணைகளில் நடத்தி, 2012-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். ஆயினும், ஆகாத இடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். விமானத்தை ஓட்டும் மென்பொருளையும், நோயாளியின் உடலில் மருந்து செலுத்தும் கருவியின் மென்பொருளையும் "ஓட்டிப் பார்த்துத் திருத்துவோம்" என்று பயணிகள்மீதும் நோயாளர்மீதும் விடுதல் தகாது. அவை மேட்டூர் அணையின் இனம். அவற்றிலும் ஆய்வுக்கூடத்துள் சிறுகச் செய்து சோதிக்கலாம். வெளியே விடுமுன் கணக்கு முடிந்திருக்கவேண்டும். கோழிக்கணக்கோ லாரியின் இனம்.

இவ்வாண்டு அம்மாணவர் அறுவரும் தேறிச் சென்றுவிட்டனர். புதிதாக ஐவர் அவ்விடத்தில் சேர்ந்துள்ளனர். கணக்கப்பிள்ளை தம் நீள நோட்டுப் புத்தகத்தை இன்னும் மூடவில்லை. திரையில் பதிந்தபின் அதிலும் ஒருமுறை எழுதிக்கொள்கின்றார். இரண்டிலும் தொகை வேறுபட்டால் அன்றே எமக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகின்றார். சென்ற வாரம் அவர் கேட்டது, முப்பது முட்டை கொண்ட அட்டைகள் லாரிக்கு எத்தனை ஏறின, எத்தனை திரும்பின என்ற கணக்கு. புதிய பட்டியலில் அதுவே முதலாவது. வரும் சனிக்கிழமை ஐவரும் பண்ணைக்குச் செல்கின்றனர். லாரியில் அட்டை ஏற்றுகின்றவரைக் கண்டு பேசுவதற்காக.